தம்பியோட வெள்ளை நத்தை

பாப்பா,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இங்க பர்மால, மோல்மீன்ல மழை விட்டபாடில்ல, துவைச்ச லுங்கி மூணு நாளா கொடியிலயே தொங்குது, அம்மா புலம்பல் தாங்கல.

நான் எழுத வந்தது வேற. போன தடவை செட்சே பீச்ல நம்ம பேரன் தம்பி ஒரு நத்தை ஓடு பொறுக்கினானே, வெள்ளையா உருண்டையா, அது பாலினிசஸ் மாமில்லான்னு பெரிய ஆள் மாதிரி சொன்னேன்ல, அது தப்பு. நோட்ல எழுதியிருந்தான்னா அடிச்சிட்டு மாத்தச் சொல்லு.

அவன் மறந்துட்டுப் போன ஓடு ஜன்னல்லயே கிடந்துச்சு, நேத்து சாரல் பட்டு நனைஞ்சதும் பார்த்தா உடம்பு பூரா மங்கலா பொடிப்பொடியா புள்ளி வரிசை! வெயில்ல கிடந்து வெளுத்துப் போனதைத்தான் நான் வெள்ளைன்னு நெனச்சிருக்கேன். அப்புறம்தான் புத்தி வந்து திருப்பிப் பார்த்தேன், இதுங்களுக்கு அடில தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும், மாமில்லாவுக்கு அது வழவழன்னு சுத்தமா அடைஞ்சிருக்கும், இதுல பாதி திறந்து குழி தெரியுது. அவன் பொறுக்கினதைப் போட்டு வச்ச டப்பா அடில, நத்தை தன் வாசலை அடைச்சுக்குற மூடி ஒண்ணும் சட்டை பட்டன் அளவுக்கு இருந்துச்சு, ஓட்டு வாயில வச்சா கச்சிதமா உக்காருது, நகத்தால தட்டினா கல்லு சத்தம். மாமில்லா மூடின்னா பிரவுனா மெல்லிசா நகம் மாதிரி இருக்கும். அதனால இது நேட்டிகா டிக்ரினா, புலி மாதிரின்னு அர்த்தம் வர்ற அந்த டிக்ரினாங்குறது 1798ல ரோடிங்னு ஒருத்தர் வச்ச பேரு, பேருலதான் புலி, உடம்புல ஒரு வரி கூட கிடையாது.

இன்னொண்ணு. தாத்தா, சிப்பியில எல்லாம் யாரு தொளை போட்டதுன்னு என்னைக் கேட்டான்ல, ஏதோ புழுன்னு மழுப்பிட்டேன். இந்த நத்தைங்க கூட்டம்தான். மண்ணுக்குள்ள சிப்பியைக் காலால அமுக்கிப் பிடிச்சு, ஆசிட் மாதிரி ஒண்ண விட்டு இளக்கி, நாக்குல இருக்குற பல்லால சுரண்டுவாங்க, மணிக்கணக்கா ஆகும். வெளிய அகலம், உள்ள போகப் போக குறுகல், ஸ்க்ரூ தலை உக்கார குழி எடுத்த மாதிரியே இருக்கும்.

அதே தொளை தம்பியோட ஓட்டுலயும் முதுகுப் பக்கம் ஒண்ணு இருக்குடி. சொந்தக்காரன்னு கூட பார்க்க மாட்டாங்க. இதை நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லு, நான் போன்ல சொன்னா அழுவான்.

ஓட்டைப் பஞ்சுல சுத்தி வச்சிருக்கேன், சிங்கப்பூர் வர்றவங்க யாராவது கிடைச்சா கொடுத்து விடுறேன்.

அப்பா