நாலாம் மாடி எதிர்வீட்டுக்கு

தீதிக்கும் (அக்கா), ஆமாவுக்கும் (அம்மா), பாஜேவுக்கும் (தாத்தா),

இந்த மடலை உங்களால் வாசிக்க முடியாது. எனக்கு நேபாளி பேச வரும், அதுவும் அடுப்படி நேபாளி, எழுத வராது. அதனால் தமிழில் எழுதிக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக் காட்டப் போகிறேன். ஹாங்காங்கை விட்டு நாங்கள் கிளம்ப இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் நாலு பேர் அறிய உங்களுக்கு நன்றியைச் சொல்லிவிடு என்று அம்மா திருமங்கலத்திலிருந்து நச்சரிக்கிறாள்.

முதல் தடவை நான் தன்யவாத் சொன்னபோது தீதி முகத்தைச் சுளித்தீர்கள். அதைக் கடைக்காரனிடம் போய்ச் சொல் என்றீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். காபி ஆற்றிக் கொடுத்த அம்மாவிடம் நன்றி என்று சொன்னால், இவளுக்குக் காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஆகவே திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இதை வாசிக்கிற நம் ஆட்களுக்கு இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாம் குடியிருப்பது ஜோர்டானில். ஜோர்டான் என்றதும் பாலைவனத்தை நினைக்காதீர்கள். இது ஹாங்காங்கின் கௌலூன் பக்கம், டெம்பிள் தெரு இரவுச் சந்தையை ஒட்டிய நெரிசலான வட்டாரம். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள். மீன் துள்ளும் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் இடையில் நேபாளி மளிகைக் கடை ஒன்று இருக்கும்: கடுகெண்ணெய், அவல், வாய் வாய் நூடுல்ஸ், திமுர் என்கிற நாக்கு மரத்துப்போகும் மிளகு. 2016 கணக்குப்படி இந்த நகரத்தில் நேபாளிகள் 25,000 பேருக்கு மேல். பெரும்பாலும் பிரிட்டிஷ் கூர்க்கா படையில் இருந்தவர்களின் குடும்பங்கள். 1997-இல் ஆட்சி பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறியபோது படை போய்விட்டது. ஆனால் 1983-க்கு முன் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியிருப்பு உரிமை இருந்தது. தீதியின் கணவர் அப்படித்தான் திரும்பி வந்தார், கட்டட வேலைக்கு.

பாஜே கூர்க்கா படையில் இருந்தவர் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விசில் சத்தம். எங்கள் தெருவில் நடுராத்திரி தடியைத் தட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு போகிறவரைத்தான் நாங்கள் கூர்க்கா என்போம். மாதம் பிறந்தால் வாசலில் வந்து சல்யூட் அடித்துப் பத்து ரூபாய் வாங்கிப் போவார். அவர் பெயர் என்ன என்று தெருவில் ஒருவரும் கேட்டதில்லை, நானும்தான். அதைப் பாஜேவிடமே உளறியும் வைத்தேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டாளத்துக்குப் போகிறவனை அவர்கள் ஊரில் லாஹுரே என்பார்களாம். ஒரு காலத்தில் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களால் வந்த பெயர். பாஜே இங்கே சீன எல்லையில் ராத்திரிக் காவல் இருந்தவர். மெக்லிஹோஸ் மலைப்பாதையில் 100 கிலோமீட்டர் நடந்து நிதி திரட்டும் 'டிரெயில்வாக்கர்' நடை 1981-இல் கூர்க்காக்கள் தொடங்கியது. இன்றைக்குப் பல நாடுகளில் நடத்துகிறார்கள். அதைப் பற்றிப் பாஜே சொல்வது ஒன்றே ஒன்று: "முழங்கால் அங்கேதான் போச்சு."

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

2021 ஜனவரி 23, சனிக்கிழமை. எனக்கு ஏழாம் மாதம். விடிவதற்குள் நம் தெருக்களைச் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டார்கள். கொரோனா பரவுகிறது, எல்லோருக்கும் பரிசோதனை முடிகிறவரை யாரும் வெளியேறக் கூடாது என்றார்கள். ஹாங்காங்கில் அப்படி ஒரு பகுதியையே அடைத்தது அதுதான் முதல் தடவை. ஏழாயிரம் பேருக்கு மேல் உள்ளே. வீட்டுக்கு வந்த பெட்டியில் நூடுல்ஸும் இறைச்சி டப்பாவும் இருந்தன. நானோ முட்டையோடு நின்றுவிடுகிறவள். இவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரும்புக் கதவுக்கு வெளியே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சோறு, பருப்பு, முள்ளங்கி ஊறுகாய், ஓரத்தில் நெய். தீதி கதவை மூடிக்கொண்டு உள்ளே போயாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் மூன்று வேளையும் அப்படியே வந்தது. தெற்காசியர்கள் கூடிக் கூடிச் சாப்பிடுவதால்தான் நோய் பரவுகிறது என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியதும் அதே வாரத்தில்தான். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. தீதி மட்டும், பேசுகிறவர்களுக்குப் பசிக்கவில்லை போல என்றீர்கள்.

மார்ச்சில் பெண் பிறந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் இங்கே குடியிருப்பு உரிமை இல்லாதவர்களை முந்தின வருஷம் மார்ச்சிலிருந்தே உள்ளே விடவில்லை. அம்மா வர வழியே இல்லை. அவள் கிண்டி அனுப்பிய பிரசவ லேகியம் இன்றுவரை வந்து சேரவில்லை. எந்த ஊர் எறும்பு தின்றதோ. என் கணவர் தங்கமானவர், ஆனால் ரசத்துக்குப் புளி கரைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஆமா ஒரு சொம்பில் எதையோ கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் ஓமம்! நெய்யில் ஓமத்தைப் பொரித்து, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. ஜ்வானோ என்றார். பால் ஊறும் என்பதை வாயால் சொல்லாமல் கையால் காட்டினார். அந்த வாசனையில் எனக்கு எங்கள் பாட்டி வீட்டு இருட்டறையும், சித்தியின் பத்தியச் சோறும், பூண்டு உரிக்கிற சத்தமும் ஒன்றாக வந்துவிட்டன. நான் அழுததைப் பார்த்து உறைக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றப் போனீர்கள், ஆமா. உறைக்கவில்லை.

பிள்ளை பெற்றவளை நீங்கள் சுத்கேரி என்கிறீர்கள், நாங்கள் பச்சை உடம்புக்காரி என்போம். குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே, காதில் துணி கட்டு, காற்றில் நிற்காதே. ஒரு விதி மாறவில்லை. வறுத்த பருப்புகளும் கொப்பரையும் பிசினும் மூலிகைப் பொடியும் நெய்யில் கிளறி நீங்கள் கொடுத்தது, வராமல் போன லேகியத்தின் ஒன்றுவிட்ட தங்கை. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் சுக்கைத் தூக்கிக் காட்ட, ஆமா ஓமத்தைத் தூக்கிக் காட்ட, அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரு பொது வார்த்தை இல்லாமல் பேசித் தீர்த்தார்கள். அதில் ஒரு கூத்து. நேபாளியில் ஆமா என்றால் அம்மா. எங்கள் அம்மாவோ எதற்கெடுத்தாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுகிறவள். ஒவ்வொரு தடவையும் ஆமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "கே பயோ?" என்று போனுக்குள் முகத்தை நீட்ட, என்ன ஆச்சு என்று இவள் திருப்பிக் கேட்க, நான் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து சிரித்தேன்.

வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் குழந்தைக்கு எண்ணெய்த் தேய்ப்பு. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய். எங்கள் வழக்கம் தேங்காயெண்ணெய் என்று நான் இழுத்தேன். ஆமா காதிலேயே வாங்கவில்லை. காலை நீட்டி அதன்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொண்டார். பிள்ளை முதன்முதலாக ஐந்து மணி நேரம் தூங்கியது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் தேங்காயெண்ணெய்ப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஐந்தாம் மாதம் பாஸ்னி, முதல் சோறு ஊட்டினீர்கள். அக்டோபரில் தசைன். பூட்டிய அலமாரிக்குள் இருட்டில் பார்லியை முளைக்கப் போட்டிருந்தீர்கள், பச்சை பிடிக்காமல் மஞ்சளாக நெடுநெடுவென்று. ஜமரா என்றீர்கள். எங்கள் அம்மன் கோயில் முளைப்பாரியேதான். நாங்கள் தலையில் சுமந்து தண்ணீரில் கரைப்போம், நீங்கள் காதோரம் செருகிக்கொள்கிறீர்கள். பாஜே தயிரில் பிசைந்த அரிசியை வெள்ளைத் திலகமாக என் நெற்றியில் அப்பி, கையில் இருபது டாலரைத் திணித்தார். அதை இன்னும் செலவழிக்கவில்லை.

குந்த்ருக் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லியிருக்கிறேன். புளிக்கவைத்துக் காயவைத்த அந்தக் கீரைக் குழம்பு எனக்குப் பிடிக்கும் என்றேனே, பிடிக்காது. ஐந்து வருஷமாகக் குடித்துவிட்டேன், இப்போது சொன்னால் என்ன.

கிரைண்டரை உங்களிடமே விட்டுப் போகிறேன், தீதி. உங்கள் மாஸ் பருப்புதான் எங்கள் உளுந்து. தோல் நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். அரிசியையும் அதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். போன தடவை இட்லி கல் மாதிரி வந்தது அதனால்தான். பாஜே பல் பத்திரம்.

உங்கள்
பஹினி (தங்கை)