கணக்கில் ஏறாத கச்சேரி

தம்பிக்கு,

பாரிஸில் வாடகைக்குக் கஷ்டமாக இருக்கிறது, கிடங்கு வேலைக்குப் போய்விடலாமா என்று நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அவளை வைத்துக்கொண்டு பணக் கஷ்டத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை. நீ போனை வைத்த பிறகு தூக்கமும் வரவில்லை. இது ஆடி மாசம், எனக்கு முகூர்த்தம் எதுவும் இல்லை, எழுத நேரம் இருக்கிறது. நிதானமாகப் படி.

முதலில் ஜூன் 21 தெருத் திருவிழாவில் நீ தவில் வாசித்து அனுப்பிய வீடியோ. நாலு தடவை பார்த்தேன். அந்த சாக்ஸபோன்காரர் மேல் ஸ்தாயியில் போய் நின்றாரே, அங்கே நீ கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கண் கலங்கியது தம்பி. நாயனம் ஒரு இடத்தில் நிற்கும்போது தவில்காரனுக்குச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும் என்று உன் பத்து வயதில் எத்தனை நாள் திட்டியிருப்பேன். அப்புறம் அவர் முடித்த இடத்திலிருந்து தகிட தகதிமி என்று மிஸ்ர நடையை எடுத்தாய் பார், சுற்றி நின்றவர்கள் கை தட்டிப் பார்த்து, தட்டு தப்பி, சிரித்துக்கொண்டே மறுபடி பிடிக்கப் பார்த்தார்கள். மிஸ்ரத்தின் ஏழு எண்ணிக்கையை யாரும் விளக்காமலே அவர்களுக்கு நீ காட்டிவிட்டாய். ஒரே ஒரு குறை, பாதிக்கு மேல் வலந்தலை, அந்த வலப்பக்கத் தோல், சுருதி இறங்கிவிட்டது. தூறலில் வாசித்திருக்கிறாய், தோல் ஈரம் குடித்துவிட்டது. இடையில் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி நட்டை முடுக்கியிருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறாக ஹீட்டர் காற்றில் தோல் விறைத்துக்கொள்ளும், அதனால் தவிலை ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதே, கிழிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது மாசத்தில் 45 இடத்தில் வாசித்தேன், சம்பளச் சீட்டோடு காகிதத்தில் 19 தான் இருக்கிறது என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு பகீர் என்றது. மீதி 26 எங்கே போனது என்று கேட்டதற்கு, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில், எல்லாம் கையில் கொடுத்தார்கள்பா என்றாய். கையில் கொடுத்தார்கள். நானும் நாற்பது வருஷம் அப்படித்தான் வாங்கினேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு மனு போட்டேன். நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்து, ஐயா நீங்கள் கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான் என்னத்தைக் காட்டுவேன்? மாசிமகத்துக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போது எத்தனை வருஷம் இந்தத் தோளில் தவில் தொங்கியிருக்கிறது, வில்லியனூர் தேருக்கு முன்னால் எத்தனை மல்லாரிக்கு வாசித்திருக்கிறேன். யாராவது ரசீது கொடுத்தார்களா? டிரங்குப் பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கிறது, அதில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து எல்லா இடத்திலும் தேடினோம். கடைசியில் அம்மா சமையலறை அலமாரியில் மிளகாய்த் தூள் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை உருவி எடுத்தாள். அந்தக் காலத்தில் வசதியான வீட்டில் பத்திரிகையிலேயே நாதஸ்வரம் யார், தவில் யார் என்று அச்சடிப்பார்கள் இல்லையா. நாலு ஓரமும் மஞ்சள் தடவி, அந்த மஞ்சள் வெளுத்து, எண்ணெய் இறங்கி, ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருந்தது, ஆனால் என் பெயர் முழுசாக இருந்தது. என் வாழ்நாள் வாசிப்புக்கு அந்த ஒரு அட்டைதான் சாட்சி. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை, வரட்டும், அது கிடக்கட்டும்.

ஆனால் உனக்கு அப்படி ஆகக் கூடாது.

காலையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தா மாமாவிடம் போனேன். நீ அனுப்பிய காகிதங்களை போனில் பெரிதாக்கிக் காட்டினேன், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னார். உனக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் நான் புரிந்துகொண்டது சரியா பார். பன்னிரண்டு மாசத்தில் 507 மணி நேரம் சேர வேண்டும். ஒரு கச்சேரிக்கு ஒரு ‘காஷே’ என்று சம்பளம் போட்டால், நீ ஒன்றரை மணி நேரம் வாசித்தாலும் அது 12 மணி என்று ஏறும். அப்படிப் பார்த்தால் 43 கச்சேரி. அது சேர்ந்துவிட்டால் வேலை இல்லாத நாட்களுக்கு அரசாங்கத்து இன்சூரன்ஸிலிருந்து ஒரு தொகை வரும். இதைக் கேட்டதும் மாமாவை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வாசிக்காத நாளுக்கா? ஆமாம், வாசிக்காத நாளுக்குத்தான் என்றார்.

தம்பி, நமக்கு ஆடியிலும் மார்கழியிலும் யார் படி அளந்தார்கள்? ஆடி பிறந்தால் அம்மாவின் செயின் அடகுக்குப் போகும், ஆவணி முகூர்த்தத்தில் மீட்போம், மார்கழியில் மறுபடி போகும், தையில் திரும்பி வரும். நீ பள்ளிக்கூடம் படித்த வருஷம் எல்லாம் அந்தச் செயின் நடந்துகொண்டேதான் இருந்தது. அங்கேயும் ஆகஸ்டில் ஊரே காலியாகிவிடுகிறது, மேடையே இல்லை என்றாயே, அதுதான் அந்த ஊர் ஆடி. மேளக்காரனுக்கு ஆடி மாசம் உண்டு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற ஒரு நாட்டில் நீ இருக்கிறாய். அதைக் கையில் ரொக்கமாக வாங்கி விட்டுவிடாதே.

இன்னொன்றும் மாமா சொன்னார். ஜனவரியிலிருந்து டிசம்பர் என்று கணக்கில்லை, கடைசியாக வாசித்த நாளிலிருந்து பின்னோக்கி 12 மாசம் எண்ணுவார்களாம். அதனால் இந்த மூணு மாசத்தில் 24 சேரவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதே, பழையது நகர்ந்து போகும், புதியது வந்து சேரும். பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலும் 70 மணி வரை சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அங்கீகாரம் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சங்கம் அதில் வருமா என்று விசாரி. கிடங்கில் மூட்டை தூக்கும் நேரம் இந்தக் கணக்கில் ஒரு நிமிஷம்கூட ஏறாது. விசாவுக்கும் வருமானத்தில் பெரும்பகுதி கலையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நீயே சொன்னாய். அப்படி இருக்கும்போது கிடங்குக்குப் போனால் இரண்டு பக்கமும் அடி. மணிக்கட்டு வேறு போய்விடும்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் எப்படிக் கேட்பது, தப்பாக நினைப்பார்களே என்கிறாய். ‘குசோ’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாமே, கச்சேரி நடத்துவதே தொழிலாக இல்லாதவர்கள், அதாவது ஒரு குடும்பம், ஒரு கோயில் சங்கம், ஒரு ஓட்டல், யாராக இருந்தாலும் அங்கே ஒரே ஒரு விவரம் பதிந்தால் போதும், எல்லாப் பிடித்தமும் அதிலேயே முடிந்துவிடும். நீயே உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடு, அவர்களை அலைய விடாதே. அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடு, வாசித்து முடித்துவிட்டு இலையில் உட்கார்ந்த பிறகு கேட்டால்தான் சங்கடம். பிடித்தம் போக உனக்குக் கையில் குறைவாக வரும். வாங்கிக்கொள். அந்த நாட்டுச் சட்டப்படி மேடையில் ஏறியவன் சம்பளக்காரன், ஏற்றியவன் முதலாளி, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஈழத்துக்காரர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வாசித்துக் கேட்ட மண் அது, தவிலின் அருமை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரியாதையாகக் கேட்டால் பத்தில் ஆறு பேர் சம்மதிப்பார்கள். மாட்டேன் என்கிறவர்களுக்கு மாசத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போ, அதற்கு மேல் போகாதே.

ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, வாசிக்காத கச்சேரிக்கு காகிதம் போட்டுத் தருகிறேன் என்றாராமே. அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதே. இதில் எனக்குப் பேச்சே இல்லை.

ஓசியில் வாசிக்காதே என்று நான் சொல்வேன் என்று நினைப்பாய். அந்த ஜூன் 21 வேறு கணக்கு. 1982-இல் பிரான்ஸில் ஆரம்பித்த இசைத் திருவிழா, தெருவில் காசு வாங்காமல் வாசிப்பதுதான் அதன் முறை. இங்கே புதுச்சேரியிலும் அதே நாளில் நடக்கிறதே, உன் பதினாலு வயதில் கடற்கரைச் சாலைப் பக்கம் உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? கிதாருடன் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பையன் உன்னை வா என்று சைகை காட்டினான், நீ என்னைப் பார்த்தாய், நான் போ என்றேன். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ அங்கே இருப்பாயா என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு. இந்த வருஷம் தூறலில் சும்மா வாசித்தாய், அந்த சாக்ஸபோன்காரர் இலையுதிர் காலத்தில் ஆறு மேடை, ஆறும் காஷேயோடு என்று கூப்பிட்டுவிட்டார். வருஷத்தில் அந்த ஒரு நாள் போதும்.

ஆறு மேடை இருக்கிறது. நடனக் குழுவோடு ஐந்து என்றாய். பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் கோயில் தேருக்கு உன்னைச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் காகிதம் கேள். பன்னிரண்டு ஆயிற்று. மீதி பன்னிரண்டு, ஆவணி தொடங்கி வரும் கல்யாணங்களில் பாதியைக் காகிதத்தில் வாங்கினாலே வந்துவிடும். மூணு மாசத்தில் இல்லாவிட்டால் ஐந்து மாசத்தில் வரும். அதுவரை வாடகைக்குப் பயப்படாதே, நான் போட்டு வந்த சீட்டு போன வாரம் விழுந்தது, அறுபதாயிரம் இருக்கிறது, அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அம்மாதான் அனுப்பச் சொன்னாள். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வை. சொல்தா மாமா பட்டாளத்தில் சேர்ந்த முதல் மாசத்துச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறார், காலையில் பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினார், மடிப்பில் கிழியாமல் செலோடேப் ஒட்டியிருந்தது.

தவில் வாசிக்க விரலில் மாட்டும் விரல்கூடு ஐந்தும், அடிக்க இரண்டு பூவரசங்கழியும் பார்சலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். போன தடவை செய்த கூடு அங்கே போய் லூசாகிவிட்டது, துணி சுற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்றாயே. குளிரில் விரல் சுண்டிப்போகிறது போலிருக்கிறது, நான் இங்கே என் விரலை வைத்து உத்தேசமாகப் பசை சுற்றினால் சரிவராது. காலையில் எழுந்ததும், கை சூடாவதற்கு முன்னால், வலது கை ஐந்து விரலையும் இரண்டாம் கணுவுக்கு மேலே நூலில் சுற்றி, அந்த நூலை ஸ்கேல் மேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பு. எந்த நூல் எந்த விரல் என்று பக்கத்தில் எழுது. நாளைக்கே துணியைக் கிழித்து வைக்கிறேன், வெயில் இருக்கும்போதே காய்ந்தால்தான் கெட்டியாக இருக்கும்.

அப்பா