கேட்டில் நேரம் தவறும் டேட்டா லாகர்: இறுதிப் புகார்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: லெவல் கிராசிங் கேட்டில் பொருத்திய, நிகழ்வுகளை நேரத்தோடு பதியும் உங்கள் சிறிய டேட்டா லாகரின் கடிகாரம் பின்தங்குவது

ஐயா,

வணக்கம். இந்தக் குறையைப் போனிலும் மின்னஞ்சலிலும் உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கூப்பிடும்போதெல்லாம் புதுப் புகார் எண் தருகிறார்கள். பழையதைத் 'தீர்ந்தது' என்று மூடிவிடுகிறார்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஸ்டேஷன் ரிலே ரூமில் உள்ள பெரிய லாகரோடு கேட்டில் உள்ள உங்கள் பெட்டி ஆர்எஸ்-485 என்ற ஒயர் இணைப்பு வழியாக இணைந்திருக்கிறது. பெரிய லாகர் அனுப்பும் நேரத்தை வாங்கித் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது உங்கள் பெட்டியின் வேலை. அது திருத்திக்கொள்வதில்லை. லைனில் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தோம். நேரச் செய்தி போகிறது, 'கிடைத்தது' என்ற பதிலும் வருகிறது, கடிகாரம் மட்டும் அசைவதில்லை. ஒயர் ஏ, பி மாறியிருக்கும் என்றார்கள். லைன் முனையில் போடும் 120 ஓம் டெர்மினேஷன் இருக்காது என்றார்கள். அதே ஒயரில் கேட்டின் மற்ற எல்லா நிகழ்வுகளும் பிழையில்லாமல் வந்துகொண்டிருக்கும்போது ஒயரில் என்ன கோளாறு இருக்க முடியும்? கோளாறு உங்கள் ஃபர்ம்வேரில், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில்.

அடுத்து பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். ஆனால் பேட்டரி செத்திருந்தால் மின்சாரம் போய் வந்ததும் தேதியே அழிந்திருக்க வேண்டும். இங்கே தேதி அழியவில்லை, விநாடிகள்தான் கரைகின்றன. காரணத்தை உங்கள் வடிவமைப்பாளர்களே அறிவார்கள். உள்ளே இருப்பது சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல். அது 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் பின்தங்கும். 65 டிகிரியில் ஏறக்குறைய 54 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 54 பங்கு, குறையும். அந்தச் சூட்டிலேயே ஒரு நாள் முழுக்க இருந்தால் சுமார் 4½ விநாடி போச்சு. மே மாத வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பது ரயில்வேக்கு விற்கிற உங்களுக்குத் தெரியாதா? நேரத் திருத்தமும் நடக்காததால் பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது.

நீங்கள் சொன்னீர்கள் என்று பெட்டியைக் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பினோம். இதைப் போல வீணான வேலை வேறு இல்லை. ஏசி அறையில் 25 டிகிரியில் ஓடவிட்டு 'குறை இல்லை' என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். கிறிஸ்டல் மிகச் சரியாக ஓடும் வெப்பநிலையில் வைத்துச் சோதித்தால் குறை எப்படித் தெரியும்? அது திரும்பி வரும் வரை அந்த கேட்டில் என்ன நடந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் உதவி எண்ணில் பேசிய அந்த நபரை மட்டும் பொறுக்க முடியாது. "டிராக் ரிலேயைக் கழற்றி மாட்டுங்க, இன்புட் மாறுதான்னு பாருங்க" என்கிறார். தண்டவாளத்தில் ரயில் இருக்கிறதா என்று காட்டும் அந்த ரிலேயின் கான்டாக்ட் சிக்னல் சர்க்யூட்டில் இருக்கிறது ஐயா! கழற்றினால் வந்துகொண்டிருக்கும் ரயிலின் டிரைவர் முகத்துக்கு நேரே சிக்னல் சிவப்பாகும். சாதனத்தைத் துண்டிப்பதற்கான டி/351 அறிவிப்பு கொடுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து போட்ட பிறகுதான் அதைத் தொடவே முடியும் என்று விளக்கினால், "வேலை தெரிஞ்சவங்களைப் பேசச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த முறையும் அவரே எடுத்தார். அப்போது, ரிலே கான்டாக்ட்டைத் துடைக்கச் சொன்னார். எங்களிடம் இருக்கும் க்யூ டைப் ரிலே சீல் வைத்து வருவது. அதைத் திறக்க எங்களுக்கே அனுமதி கிடையாது. சிக்னல் சாதனம் விற்கும் நிறுவனத்தில் இதுகூடச் சொல்லித்தர ஆள் இல்லையா?

விநாடிதானே என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் இன்புட்டை 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பார்ப்பதே எது முன், எது பின் என்று தெரிந்துகொள்ளத்தான். ரயில் கடந்து டிராக் காலியான நேரத்தை ஸ்டேஷன் லாகர் சரியாகப் பதிகிறது. அதற்குப் பிறகு கேட் திறந்ததைப் பின்தங்கிய உங்கள் கடிகாரம் முந்தைய நேரமாகப் பதிகிறது. சேர்த்துப் பார்த்தால், ரயில் தாண்டும் முன்பே கேட் திறந்ததாக அறிக்கை வருகிறது! ரயில் தாண்டும் முன் கேட்டைத் திறக்கவிடாத இண்டர்லாக்கிங்கே தவறியது என்றல்லவா அதற்குப் பொருள்? கேட்கீப்பரிடம் விளக்கம் கேட்டு மெமோ போனது. ஒரு தவறும் செய்யாத மனிதர். அவருடைய வேலையே போயிருக்கும். எங்கள் பிரிவின் மொத்த லாகர் பதிவையும் இனி யாரும் நம்பத் தயாரில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 25 கேவி லைனுக்குக் கீழே எலக்ட்ரிக் இன்ஜின் போகும்போதெல்லாம் சில இன்புட்கள் தாமாகவே மாறி மாறிப் பதிவாகின்றன. கேபிளில் தூண்டப்படும் ஏசி வோல்டேஜைத் தடுக்க உங்கள் கார்டில் போதுமான ஃபில்டர் இல்லை. இதற்கு இன்றுவரை பதில் ஒரு வரி வரவில்லை.

தயவுசெய்து உங்கள் வடிவமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அனுப்புங்கள். விற்பனைப் பிரதிநிதி வேண்டாம். நேரத் திருத்தம் வேலை செய்யும் ஃபர்ம்வேரை எங்கள் முன்னிலையில் ஏற்ற வேண்டும். கடிகாரச் சிப்பை வெப்ப ஈடு செய்யும் வகைக்கு மாற்ற வேண்டும். மதியச் சூட்டில், ஸ்டேஷன் லாகரோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகே கையெழுத்து போடுவோம். பெட்டி பழுதாய்க் கிடந்த காலத்தை உத்தரவாதக் காலத்தோடு சேர்த்துத் தர வேண்டும்.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை போட எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால், லைனில் எடுத்த பதிவுகள், இரண்டு லாகர்களின் அறிக்கைகள், அந்த 'குறை இல்லை' சீட்டு எல்லாவற்றையும் இணைத்து லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்டிஎஸ்ஓவுக்கு அனுப்புவோம். உங்கள் வங்கி உத்தரவாதத் தொகையைப் பிடிக்கவும் பரிந்துரைப்போம்.

பொறியாளர் வரும் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள். ரிலே ரூம் சாவிக்கும் டி/351-க்கும் நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
முதுநிலைப் பிரிவுப் பொறியாளர், சிக்னல்