சர்ஜைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

"எதிரே நிற்கிறவருக்கு சர்ஜ் மந்திரம் பற்றித் தெரியவில்லை என்றால் நானாகச் சொல்ல வேண்டுமா அண்ணா, இல்லை அவர் கேட்டால் சொன்னால் போதுமா?" என்று கேட்டிருந்தாய். நீயாகவே சொல்ல வேண்டும், அதுவும் முதல் பகடை உருளுவதற்கு முன்பே. சர்ஜ் என்பது, நகர்ந்து முடித்த படையை இன்னும் சில அங்குலம் முன்னே தள்ளிவிடுகிற மந்திரம். மேஜைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி மோதவிடுகிற கிங்ஸ் ஆஃப் வார் போட்டிக்கு முதல் தடவை கிளம்புகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நீ இருக்கிற நாட்டிங்காம்தான் இந்த விளையாட்டுக்குப் பிறந்த ஊர். 1983இல் இதே வகை விளையாட்டான வார்ஹாமரை வெளியிட்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகமும் அங்கேதான், கிங்ஸ் ஆஃப் வாரை நடத்துகிற மான்டிக் நிறுவனமும் அங்கேதான். 2015இல் பழைய வார்ஹாமர் ஃபேன்டஸி நிறுத்தப்பட்டு, அந்த இடத்தில் ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தது. சதுர அடித்தட்டில் வரிசை வரிசையாக நிற்கும் படைகளை வருஷக்கணக்கில் பெயின்ட் அடித்து வைத்திருந்த பலர் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்தார்கள். உன் முதல் சுற்றில் எதிரே வருகிறவர் அப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம், போன மாதம் பெட்டி வாங்கியவராகவும் இருக்கலாம். முதல் சுற்றில் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் ஜோடி சேர்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஜெயித்தவர் ஜெயித்தவரோடு மோதுவார்.

சர்ஜ் ஏன் இவ்வளவு சங்கடமான விஷயம் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் சொல்வது 2019இல் வந்த மூன்றாம் பதிப்பின் கணக்கு. பாய்கிற படை, பாயத் தொடங்கும்போது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் மோத முடியும். எதிரியின் முன்னால் நின்றுகொண்டு அவர் விலாவில் பாய முடியாது. பக்கவாட்டில் மோதினால் அடிப்பதற்கு உருட்டுகிற பகடைகள் இரண்டு மடங்கு, முதுகில் மோதினால் மூன்று மடங்கு. 12 பகடை உருட்டுகிற சாதாரண ரெஜிமென்ட் (நடுத்தர அளவுப் படைப்பிரிவு), பக்கவாட்டில் மோதினால் 24 உருட்டும். அதனால் அனுபவமுள்ள ஆட்டக்காரர் எந்நேரமும் தன் விலாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உன் எலும்புக்கூட்டுப் படைக்கு வேகம் 5, பாய்ச்சல் 10 அங்குலம், அது இருக்கிற இடம் தன் முன்பக்கம், அதனால் விலாவுக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்.

நீ அந்தப் படையை 5 அங்குலம் நகர்த்தி, அவர் பக்கவாட்டைப் பார்த்தபடி திருப்பி வைக்கிறாய். நகர்வு முடிந்தது, இனி ஒன்றும் நடக்காது என்றுதான் அவர் நினைப்பார். அப்புறம் அம்பு, மந்திரம் விடும் கட்டத்தில் உன் மந்திரவாதி சர்ஜ் போடுகிறான். 8 பகடை என்றால் 4 அல்லது அதற்கு மேல் விழுகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்குலம், சராசரியாக 4 அங்குலம். படை நேராக முன்னே போய் எதிரியைத் தொட்டுவிட்டால் அது பாய்ச்சலாகவே கணக்காகும். இடம் மாறிவிட்டதால் இப்போது அது விலாவில் விழுகிற அடி. இது தெரிந்தவருக்கு அருமையான ஆட்டம். தெரியாதவர் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார், அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த விளையாட்டில் மறைத்து வைப்பதற்கென்று எதுவும் கிடையாது. சீட்டாட்டம் போல கையில் பொத்திக்கொள்கிற சீட்டு இல்லை. படையில் யார் யார் என்கிற ஆர்மி லிஸ்ட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். எந்த நேரத்திலும் டேப்பை எடுத்து அளக்கலாம். எல்லாம் வெளிப்படையாக இருக்கும்போது எதிராளியின் அறியாமை மட்டும் உனக்கு எப்படி ஆயுதமாகும்? உன் படையால் என்னென்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம். அதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்பது உன் திட்டம், அதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் கோடு போடுவேன். "எனக்கு மூன்று மந்திரவாதிகள், மூவரிடமும் சர்ஜ் இருக்கிறது, நகர்ந்த பிறகும் என் படைகள் இன்னும் சில அங்குலம் வந்து மோதும்" என்பது வரை சொல். இடது ஓரத்தில் இருக்கிற குதிரைப்படைக்குத்தான் வலை விரிக்கிறாய் என்பதைச் சொல்லாதே.

சொல்லிவிட்டால் தோற்றுப்போவோமோ என்று பயப்படாதே. தெரிந்துவைத்திருப்பவர் என்ன செய்வார் என்று பார். தன் படைக்கு 6 அங்குலத்துக்குள் ஊக்கம் தருகிற ஒரு தலைவரைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவர் படையின் நெர்வ், அதாவது மனஉறுதி, 14/16, நீ 10 சேதம் ஏற்றிவிட்டாய் என்று வை. சேதமும் பகடையும் சேர்ந்து இரண்டாவது எண்ணான 16ஐத் தொட்டால் படை ஓடிவிடும். படை ஓட, இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் வேண்டும். 36க்கு 26 வாய்ப்பு, அதாவது 72 சதவீதம். தலைவர் பக்கத்தில் இருந்தால் உன்னை மறுபடி உருட்டச் சொல்லலாம், அப்போது அது 52 சதவீதமாக இறங்கிவிடும். ஆனால் அந்தத் தலைவரை அங்கே கொண்டுவந்ததால் வேறு ஏதோ ஓர் இடம் காலியாகியிருக்கும். அதைக் கண்டுபிடித்து அடிப்பதுதான் நீ கற்க வேண்டிய ஆட்டம். தெரியாதவரை ஒரு தடவை வீழ்த்திவிடலாம். மேல் மேஜைகளில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் சர்ஜ் அத்துப்படி. அங்கே உனக்குக் கைகொடுக்கப்போவது இந்தப் பழக்கம்தான்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. இருபது மேஜைக்கு ஒரு நடுவர் இருந்தாலே பெரிய விஷயம். மீதி எல்லாம் எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரின் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது. உதாரணத்துக்கு, எதிரியின் குதிரைவீரர்களுக்கு வேகம் 8, பாய்ச்சல் 16 அங்குலம். நீ உன் ஹார்டை (பெரிய படைப்பிரிவை) 16க்கு வெளியே நிறுத்த நினைக்கிறாய். டேப்பை வைத்து, "உங்கள் குதிரைகளுக்கு எட்டாத இடத்தில் நிறுத்துகிறேன், சரிதானே?" என்று கேள். அவர் குனிந்து பார்த்து, "சரி, எட்டாது" என்பார். அடுத்த நிமிடம் யாருடைய சட்டைக் கையோ பட்டு, படை நிற்கிற டிரே கால் அங்குலம் நகர்ந்துவிடும். பரவாயில்லை, எட்டாது என்று இருவரும் ஒப்புக்கொண்டது நிற்கும். நீ சர்ஜை மறைத்த ஆளாக இருந்தால் அந்தக் கால் அங்குலத்துக்கு அவர் விட்டுக்கொடுப்பாரா? ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவரைக் கூப்பிடுவார். ஒரு போட்டியில் பக்கத்து மேஜையில் அப்படித்தான் நடந்தது. மூன்றாவது டர்னில் ஒரு விதியை ஒளித்து வைத்து ஒருவர் அடித்தார். அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் டேப்பை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள், ஆட்டம் முழுதாக முடியவும் இல்லை.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். செஸ் கிளாக் வைப்பார்கள். அதைப் பார்த்துப் பதறாதே. அலெஸ்ஸியோ கவடோரே இந்த விளையாட்டை எழுதியபோது, யாருடைய முறையோ அவர் மட்டும்தான் பகடை உருட்டுவார் என்று அமைத்துவிட்டார். வார்ஹாமர் போல அடிவாங்குகிறவர் கவசத்துக்காக உருட்ட வேண்டியதில்லை. அதனால் கடிகாரத்தை ஒரு டர்னுக்கு ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் உன் படையைப் பற்றிய விளக்கத்தைக் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடு. மேஜையில் எது காடு, எது குன்று, எவ்வளவு உயரம், சாய்ந்து விழுந்த பகடையை என்ன செய்வது, எல்லாவற்றையும் அப்போதே பேசிவிடு. இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும்.

சேதம் குறிக்கிற பகடைகளை வேறு நிறத்தில் எடுத்துப்போ. உருட்டுகிற பகடையோடு கலந்துவிட்டால் பெரிய தொல்லை. படையெல்லாம் பெயின்ட் அடித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அந்த ஜாம்பிகளின் அடித்தட்டில் நீ செய்திருக்கிற சேற்றை எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு. ஒவ்வொரு சுற்றிலும் சர்ஜைப் பற்றிச் சொன்னதும் எதிரே நின்றவர் படையை எப்படி மாற்றி நிறுத்தினார் என்று ஒரு தாளில் வரைந்து வை. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்