டேஷ்போர்டைக் கழற்றும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறியதும் கார் ஏசி கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூலிங் காயிலில் ஓட்டை என்றால், பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கித்தான் பின்னால் அந்தக் காயில் இருக்கும் ஏசி பெட்டியை வெளியே எடுக்க முடியும். செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகும். எனவே பெட்டி வெளியே வந்த அன்றே உள்ளே செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட வேண்டும்.

முதலில் குளிரூட்டும் கேஸ். பைப்பைத் தளர்த்தி அதைக் காற்றில் விடுவது இன்னும் நடக்கிறது. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் ஓசோனைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். மெஷினில் இழுத்துச் சேமிக்கிற கடைக்கே வண்டியைக் கொடுங்கள்.

பேட்டரியைக் கழற்றியதும் ஏர்பேக்கில் தேங்கிய மின்சாரம் இறங்க, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். அதே பெட்டியில், இன்ஜின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் காயிலின் இரண்டு ஹோஸ்களையும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ், காயிலின் குழாயோடு ஒட்டிக்கிடக்கும். முறுக்கி இழுத்தால் மெல்லிய அலுமினியக் குழாய் நெளிந்து, நல்ல ஹீட்டர் காயிலும் வீணாகும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே மலிவு.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே காற்றைத் திருப்பும் கதவுகள் இருக்கும். அவற்றின் ஓரத்து ஸ்பாஞ்ச் நாளடைவில் பொடியாகிவிடும். வென்ட்டிலிருந்து கருப்புத் துகள் பறந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கதவு சரியாக மூடாமல் ஹீட்டர் பக்கத்துச் சூடு குளிர்காற்றில் கலக்கும். கேஸ் முழுதாக இருந்தும் குளிர் போதாது. மறுபடி கேஸ் ஏற்றியும் பயனில்லை. ஸ்பாஞ்சை மாற்ற இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

தண்ணீர் வடியும் குழாய் அதன் துளையில் சரியாக உட்காராவிட்டால் பயணியின் காலடிக் கார்ப்பெட் நனையும். டேஷ்போர்டை ஏற்றுமுன் பெட்டியின் வடிகால் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

திறந்த பைப் முனைகளை உடனே மூடாவிட்டால் கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் எல்லாமே புதிதாக, ஆயில் தடவிப் போடப்பட வேண்டும். அரை மணி நேரமாவது பம்ப்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் இழுத்து, வால்வை மூடி, மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது இன்னும் உறுதி. டேஷ்போர்டை ஏற்றிய பிறகு இந்தச் சோதனை செய்தால், ஒழுகல் தெரிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். கேஸையும் மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றக்கூடாது. பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுப்படி எடை போட்டே ஏற்ற வேண்டும்.

பில்லில் ‘ஏசி வேலை’ என்று ஒரே வரி போட்டால் ஏற்காதீர்கள். இழுத்த கேஸ் எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம், ஆயில் எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாகன ஏசி பணியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.