அந்தப் பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் வகுப்பில் நான் மூன்றாவது முறையாகச் செருமியபோது, தாங்கள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பத்து நிமிஷம் சத்தம் வராம உட்காரு, பார்ப்போம்" என்றீர்கள். உட்கார்ந்தேன், சத்தம் வரவில்லை. "முடியுதுல்ல? அப்போ இத்தனை நாளும் வேணும்னுதானே செஞ்சே?" என்று தாங்கள் கேட்டதற்கு அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது, நான் நினைக்காமலே உடல் அசைவும் சத்தமும் வந்துவிடும் நரம்புக் கோளாறான டூரெட் நோய்க்குறி. 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்னும் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவரின் பெயர் அது. ஏழு வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கியது. பார்வைக் கோளாறென்று அப்பா கண்ணாடி வாங்கித் தந்தார். பிறகு கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது, பதினோரு வயதில் செருமலும் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் மருத்துவர் மலையாளத்தில் விளக்கியதை, கேரளத்து ஆரியங்காவிலேயே பிறந்து வளர்ந்தும் பதற்றத்தில் எதுவும் காதில் ஏறாமல் நின்ற அம்மாவுக்கு நான்தான் தமிழில் மறுபடி சொன்னேன். (ஆச்சி அதற்கு முன்பே கறுப்புக் கயிறு கட்டிவிட்டிருந்தார். அவருக்காக அது இன்னும் கையில் இருக்கிறது.) இந்த நோய் உள்ளவர்கள் கெட்ட வார்த்தை கத்துவார்கள் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்கிறார்கள், அது சிலருக்கு மட்டுமே வருவது, எனக்கு இல்லை.

இனி அந்தப் பத்து நிமிடம். செருமல் வருமுன் தொண்டைக்குழியில் ஒரு நமைச்சல் எழும். செருமினால் தணியும், சற்று நேரத்தில் மீண்டும் எழும். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வேறெதையும் நினைக்க முடியாது. அன்று நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, குதிகாலைத் தரையில் ஊன்றி, சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தாங்கள் நடத்திய இருபடிச் சமன்பாட்டில் ஒரு வரிகூட உள்ளே இறங்கவில்லை. அடக்கியது எங்கும் போய்விடவுமில்லை. மாலையில் பேருந்து புளியரை தாண்டி எஸ் வளைவில் முக்கி முனகி ஏறும்போது, அந்த இரைச்சலின் மறைவில் கோட்டைவாசல் வரையிலும் செருமிக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அவர் நல்ல மனிதர், வாங்கிக் குடித்தேன்.

அடக்க முடிவதும் வேண்டுமென்று செய்வதும் ஒன்றல்ல என்பதே, ஐயா, அன்று நான் சொல்லத் தவறிய பதில். நமைச்சல் எழும்போதே மூக்கால் மெல்ல மூச்சிழுத்துவிடும் பயிற்சியை இப்போது செய்து வருகிறேன். சில நாள் பலிக்கிறது, தேர்வு நெருங்கினாலோ தூக்கம் கெட்டாலோ பலிப்பதில்லை. பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவம் முடிகையில் பலருக்குக் குறைந்துவிடுமாம். எனக்கு வயது பதினைந்து.

"அடக்கு" என்று சொன்னால் செருமல் மிகுகிறது. யாரும் கவனிக்காமல் கணக்கில் மூழ்கியிருக்கையில் தானே குறைகிறது. ஆதலால் என்னைக் கதவோரக் கடைசி இருக்கைக்கு மாற்றுங்கள். மிகவும் முடியாதபோது கேட்காமலே ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதியுங்கள். நான் செருமும்போது திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை எழுதுங்கள். அந்த இருபடிச் சமன்பாட்டை மட்டும் எனக்கு இன்னொரு முறை நடத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்