அமெரிக்கன் ஹோட்டலின் கதையை எழுத உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கலிபோர்னியாவின் இன்யோ மலைமேல், சுமார் 8,500 அடி உயரத்தில், ஆளரவமற்றுக் கிடக்கும் வெள்ளிச் சுரங்க ஊர் செர்ரோ கோர்டோ. அங்கே 1871 முதல் நின்றிருந்த அமெரிக்கன் ஹோட்டலின் வரலாற்றை எழுதி முடித்திருக்கிறேன். அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்கு என் நன்றியை இம்மடல் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கீலர் ஊரிலிருந்து மேலேறும் எட்டு மைல் மண்பாதையில் இரண்டு முறை தம் வண்டியில் என்னை அழைத்துச் சென்ற நண்பருக்கு முதல் நன்றி. அந்தச் செங்குத்தில் வண்டி முனகி ஏறியதைக் கேட்ட பிறகுதான், ரெமி நடோவின் கோவேறு கழுதைகள் வெள்ளிப் பாளங்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இழுத்துச் சென்ற அக்காலத்தில், ஜான் சிம்ப்சன் அவ்வளவு உயரத்தில் இரண்டு தள மரக் கட்டடம் ஒன்றை எழுப்பியது எத்தனை பெரிய துணிச்சல் என்பது எனக்குப் புரிந்தது.

பழைய படங்களைப் பொறுமையாக எடுத்துக் காட்டிய அருங்காட்சியக ஊழியருக்கு நான் தனியாகவே கடன்பட்டிருக்கிறேன். 1870களின் இறுதியில் வெள்ளி குறைந்ததோடு ஊரும் முடிந்துபோனது என்று என் முதல் படியில் எழுதியிருந்தேன். 1910களில் துத்தநாகத் தாது எடுக்கத் தொடங்கியதும் ஊருக்கு மீண்டும் ஆட்கள் வந்ததை அவர் சுட்டிக்காட்டியிராவிட்டால், அந்தப் பிழை அப்படியே அச்சேறியிருக்கும்.

1980களில் சிதைந்துகொண்டிருந்த ஊரைப் பழுதுபார்த்து, இந்த ஹோட்டலைக் காப்பாற்றிய ஜோடி ஸ்டூவர்ட், மைக் பேட்டர்சன் இருவரையும் நான் கண்டதில்லை. இருவரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் உழைத்திராவிட்டால், எழுதுவதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

2020 ஜூன் 15 அன்று ஹோட்டல் தீக்கிரையானது. அதன்பின் அங்கு வந்து சாம்பலை வாரிய தன்னார்வலர்களில் ஒருவர், ஒரு சதுர ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார். தலை நசுங்கி, நெருப்பில் கறுத்து, லேசாக வளைந்திருந்தது. எத்தனையோ ஆவணங்களைப் படித்தும் வராத கண்ணீர் அப்போது வந்தது. அதே இடத்தில் ஹோட்டலை மறுபடி எழுப்பப் பாடுபட்ட அனைவருக்கும் என் வணக்கம்.

ஹோட்டலின் உட்புறத்தைக் காட்டும் பழைய புகைப்படம் எவரிடமாவது இருந்தால், ஒரு பிரதி தந்துதவ வேண்டுகிறேன். மேல்தளத்து அறைகளைப் பற்றிய பகுதி இன்னும் மெலிவாகவே இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
கட்டுரையாளர்